பானெட் கப்பலுக்கு வெளிச்சம்: ஓட்டை போடாமல் முடியுமா?

கேள்வி: எங்கள் தாத்தா வாங்கிய 1950 மாடல் ப்ளிமத் கார் வீட்டில் இருக்கிறது. இரண்டு வருஷம் அலைந்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வைகாசியில் மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான். பானெட் முனையில் இருக்கும் கப்பல் பொம்மை ராத்திரியில் ஒளிர வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. சத்துவாச்சாரியில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "இன்னா சார் பெரிய வேலை? அடியில ஒரு ஓட்டை, உள்ள ஒரு எல்.இ.டி. பட்டை, ஹாரன் ஒயர்ல குடுத்தா முடிஞ்சுது" என்கிறார். செய்யலாமா? கல்யாணம் முடிந்த பிறகு இதே அலங்காரத்தோடு வண்டியை வாடகைக்கு விடலாமா?
(வாசகர், காந்தி நகர், வேலூர்)

பதில்: முதலில் அந்த ட்ரில் மெஷினை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கப்பல் உலோகம். உலோகத்துக்குள் எத்தனை விளக்கு வைத்தாலும் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே வராது. ஓட்டை வழியாக ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். பொம்மைக்குள்ளிருந்து ஒளி வர வேண்டும் என்று நினைத்த கம்பெனிகள் பொம்மையின் பொருளையே மாற்றினார்கள். 1950 டிசோட்டோ காரின் பானெட்டில் ஒளிர்ந்த மனிதத் தலை பிளாஸ்டிக். அதே காலத்து பான்டியாக் காரின் செவ்விந்தியத் தலைவன் முகமும் தேன் நிற பிளாஸ்டிக்தான், அடியில் ஒரு சின்ன பல்பு. அதற்கும் முன்னால், பிரான்சில் ரெனே லாலிக் என்ற கண்ணாடிக் கலைஞர் 1925-இல் சிட்ரோயன் காருக்காக ஐந்து குதிரைகள் பாய்வது போல ஒரு பொம்மை செய்தார். அது முழுக்கக் கண்ணாடி. அவருடைய கண்ணாடிப் பொம்மைகளை அடியில் பல்பு வைத்த உலோகப் பீடத்தில் பூட்டி, நடுவில் வண்ணத் தகடு செருகி எரியவிட்டவர்கள் உண்டு. ப்ளிமத் கப்பலுக்கு இந்த வம்சம் கிடையாது. அது பகல் வெயிலில் மின்னுவதற்காக வார்த்த பொம்மை.

ஆகவே கப்பல் ஒளிர வேண்டாம், கப்பல் மேல் ஒளி படட்டும். கோயில் கோபுரத்துக்கு உள்ளேயா விளக்கு வைக்கிறோம்? கீழேயிருந்து மேல் நோக்கி அடிக்கிறோம். அதே வேலைதான் இது.

ஓட்டை ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளின் பானெட் பொம்மைகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன்மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம். எழுபத்தைந்து வருஷம் ஆன வார்ப்பு பிஸ்கட் போல. ட்ரில் முனை பட்டதும் ஓரம் பொரிந்து உதிரும், முலாம் ஓட்டையைச் சுற்றித் தூக்கிக்கொள்ளும், அந்த விரிசலில் ஈரம் இறங்கி ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். பித்தளையாக இருந்தால் திரும்ப முலாம் பூசி ஒப்பேற்றலாம். துத்தநாகத்துக்கு ஒழுங்காகப் பூசித் தருபவர் கிடைப்பது குதிரைக் கொம்பு.

இப்போது செய்முறை. பானெட்டைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பொம்மையின் அடியிலிருந்து வரும் போல்ட்டுகளை நட்டு பிடித்திருக்கும். நட்டில் பெனிட்ரேட்டிங் ஆயில் (துருப்பிடித்த மரையை இளக்கும் எண்ணெய்) விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, பொறுமையாகக் கழற்றுங்கள். முறுக்கினால் போல்ட் பொம்மையிலிருந்தே ஒடிந்து வந்துவிடும். கழற்றிய பொம்மையைத் திருப்பினால் அடிப்பக்கம் குழிவாக இருக்கும். அந்தக் குழிதான் நமக்குக் கிடைத்த இடம்.

பொம்மையின் அடிப்பாகத்தை ஒரு அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். பெயர்ப் பலகை செய்யும் கடையில் அந்த அட்டையைக் கொடுத்து, 5 மில்லிமீட்டர் கனத்தில், நிறமில்லாத அக்ரிலிக்கில் அதே வடிவம் வெட்டித் தரச் சொல்லுங்கள். கோட்டைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். நடுவே குழிவின் அளவுக்கு வெட்டி எடுத்துவிட வேண்டும், போல்ட் போகும் இடங்களிலும் துளை வேண்டும். இந்த வளையம் பொம்மைக்கும் பானெட்டுக்கும் இடையே வாஷர் மாதிரி உட்காரும். வளையத்தின் உள் விளிம்பில் சின்னப் பள்ளங்கள் அறுத்து, 3 மில்லிமீட்டர் எல்.இ.டி.க்களை வெளிப்பக்கம் பார்த்தபடி படுக்கவைக்க வேண்டும். முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, ஆக நான்கு போதும். ஒரு விளிம்பில் நுழைந்த வெளிச்சம் அக்ரிலிக்கின் மேல் பரப்பிலும் கீழ்ப் பரப்பிலும் பட்டுப் பட்டுத் திரும்பி, மறு விளிம்பில்தான் வெளியே வரும். அந்த வெளி விளிம்பை 400 நம்பர் எமரி தாளால் தேய்த்து மங்கலாக்கிவிட்டால் ஒளி சிதறி, ஒரே சீரான கோடாகத் தெரியும். அங்கிருந்து மேலே போகும் வெளிச்சம் குரோமியத்தில் பட்டு, கப்பல் அலைமேல் நிற்பது போலிருக்கும். விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவர் கண்டுபிடிக்க மாட்டார். வெள்ளையிலேயே கொஞ்சம் மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் வாங்குங்கள். நீலம் பாய்ந்த வெள்ளை அந்த வண்டிக்கு ஒட்டவே ஒட்டாது. இது என் அபிப்பிராயம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்ரிலிக்குக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள். நம் ஊர்ப்பக்கம் தோல் துண்டு சும்மாவே கிடைக்கும், ஆம்பூரில் கேட்டால் பையோடு கொடுப்பார்கள். அதற்காகத் தோல் வாஷர் போட்டுவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட உப்பும் அமிலமும் கொஞ்சமாவது அதில் மிச்சம் இருக்கும். துத்தநாகத்துக்கு அது ஆகாது. நட்டை விரல் இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள், மீறினால் அக்ரிலிக் கீறும். 5 மில்லிமீட்டர் ஏறியதால் போல்ட்டில் மரை போதுமா என்று முதலிலேயே அளந்துகொள்வது நல்லது. போதாவிட்டால் 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு இறங்கி, எல்.இ.டி.யின் தலையைக் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஒட்டுவதற்கு ஹாட் குளூ வேண்டாம். இதை அடிபட்டுச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு அம்பாசடருக்கு அவசரத்தில் ஹாட் குளூ வைத்து விளக்கு ஒட்டிக் கொடுத்தேன். சித்திரை மாதம், ஊர்வலம் நகர்ந்த வேகத்தில் இன்ஜின் சூடு முழுக்க பானெட்டில் ஏறிவிட்டது. பசை இளகி, விளக்கும் ஒயரும் சரிந்து ஃபேன் பெல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கின. மாப்பிள்ளை கவனிக்கவில்லை, டிரைவர் கவனித்துவிட்டார். இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவார். சிலிக்கான் பசை வாங்குங்கள். அதிலும் மூடியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம். அது காயும்போது அமிலம் விடும், செம்பு ஒயரையும் துத்தநாகத்தையும் அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் ரகம் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ப்ளிமத் 1955 மாடல் வரைக்கும் 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும். நாம் பழகிய வண்டிகளுக்கு நேர் எதிர். ஆனால் பம்பாயில் பூட்டி வந்த இந்த வண்டிகள் பலவற்றை நடுவில் யாராவது 12 வோல்ட்டுக்கு மாற்றியிருப்பார்கள். அதனால் புத்தகத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 6.3 காட்டுகிறதா, 12.6 காட்டுகிறதா? பாடியில் போல்ட் போட்ட தடித்த பட்டை எந்த முனையிலிருந்து வருகிறது? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள்.

உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்ன எல்.இ.டி. பட்டை 12 வோல்ட்டுக்கானது. அதில் மும்மூன்று விளக்குகள் தொடராக இருக்கும், மூன்றுக்கும் சேர்த்து ஒன்பது வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 6 வோல்ட்டில் அது கண்ணே திறக்காது. அதனால் தனித்தனி எல்.இ.டி.தான். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சின்னப் பொருள்), 220 ஓம், கால் வாட். டைனமோ நன்றாகச் சுற்றும்போது 7.2 வோல்ட் வரும். எல்.இ.டி. சுமார் 3.1 எடுத்துக்கொண்டால் மிச்சம் 4.1, அதை 220-ஆல் வகுத்தால் 19 மில்லி ஆம்பியர் கூட வராது. எல்.இ.டி. தாங்கும் அளவு 20, ஆகவே பயமில்லை. வண்டி 12 வோல்ட்டுக்கு மாறியிருந்தால் 680 ஓம், அரை வாட் போடுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் எல்.இ.டி.யின் நீளக் கால் பாடி பக்கம் போக வேண்டும், குட்டைக் கால் சுவிட்ச் பக்கம். பல்புக்கு இந்தப் பேதம் இல்லை, எல்.இ.டி.க்கு உண்டு. மாற்றிக் கொடுத்தால் எரியாது.

நான்கு விளக்கும் சேர்ந்து 75 மில்லி ஆம்பியர். இதே இடத்தில் 6 வாட் பல்பு போட்டால் ஒரு ஆம்பியர் இழுக்கும். ஊர்வலத்தில் இது பெரிய வித்தியாசம். மேளத்துக்குப் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் போகும்போது டைனமோ சார்ஜ் செய்யாது, ஹெட்லைட் முழுக்க பேட்டரியைத்தான் தின்னும். மண்டபத்து வாசலில் வண்டியைத் தள்ளும்படி ஆகிவிடக் கூடாது. பல்பின் சூடு அக்ரிலிக்கையும் வளைத்துவிடும்.

ஹாரன் ஒயர் யோசனையை மறந்துவிடுங்கள். ரிலேக்கு (ஹாரனுக்கு மின்சாரம் திறந்துவிடும் சுவிட்ச்) பேட்டரிப் பக்கம் எடுத்தால் விளக்கு இரவு பகல் எரியும், ஹாரன் பக்கம் எடுத்தால் ஹாரன் அடிக்கும்போது மட்டும் கப்பல் கண்ணடிக்கும். முன் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் ஹெட்லைட் போட்டால் முன் பார்க்கிங் லைட் அணைந்துவிடும், கப்பலும் சேர்ந்து இருண்டுவிடும். அதனால் லைட் சுவிட்சின் பின்னால் டெயில் லைட்டுக்குப் போகும் முனையிலிருந்து எடுங்கள். அது இரண்டு நிலையிலும் உயிரோடு இருக்கும். டாஷ்போர்டின் அடியில் தனியாக ஒரு சின்ன சுவிட்ச் வைத்தால் வேண்டாதபோது அணைக்கலாம். பழைய ஒயர்கள் நூல் சுற்றியவை, உள்ளே ரப்பர் பொடியாகி இருக்கும். நடுவில் பிளேடு வைத்துச் சீவி முறுக்காதீர்கள். ஸ்க்ரூ முனையில் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) போட்டுச் சேருங்கள். சேர்த்த இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். விளக்கு இழுப்பது கொஞ்சம்தானே என்று விட்டுவிட முடியாது. ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் பாய்வது பேட்டரியின் முழு பலம்.

ஒயரை பானெட்டின் கீல் ஓரமாகக் கொண்டுபோய், அங்கே ஒரு வளைவு தளர்வாக விடுங்கள். எர்த்துக்குக் கீலை நம்பாமல் தனி ஒயர் இழுத்துவிடுங்கள். பெயின்ட்டும் கிரீஸும் அடைத்த கீலில் விளக்கு சிமிட்டும். பொம்மையின் அடியில் ஒயர் இறங்குவதற்கு புதுத் துளை வேண்டாம். போல்ட் துளை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், மெல்லிய ஒயர் ஸ்லீவோடு நுழைந்துவிடும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு தெரியக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. நீலமும் மின்னி மின்னி எரிவதும் போலீஸ், ஆம்புலன்ஸ் சமாசாரம், பக்கமே போகாதீர்கள். வாடகை பற்றிக் கேட்டீர்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. நீங்கள் அப்படிப் பதிந்திருந்தால் வாடகை யோசனை அத்தோடு சரி. உங்கள் மகளின் ஊர்வலத்துக்கே கூட ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதிவு பழைய முறையிலேயே இருந்தாலும், சொந்த வண்டி என்று பதிந்ததை வாடகைக்கு ஓட்டக் கூடாது.

எல்லாம் பூட்டியதும், பகலில் பார்த்துத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவிளக்கு இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வளையத்தின் பின்பக்க விளிம்பிலிருந்து வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். அந்தப் பின் விளிம்புக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் ஒரு கை அடித்துவிடுங்கள். அக்ரிலிக்கில் தின்னர் பட்டால் விரிசல் விடும் என்பதால் தண்ணீரில் கரையும் பெயின்ட்டாகவே இருக்கட்டும்.