ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பதிப்பகத்தின் பெயரில் உள்ள ‘ஹார்ப்பர்’ யார்?

ஒருவர் இல்லை, நான்கு சகோதரர்கள். ஜேம்ஸ், ஜான் இருவரும் 1817-இல் நியூயார்க்கில் ஒரு சின்ன அச்சகம் தொடங்கினார்கள். அப்புறம் தம்பிகள் வெஸ்லியும் ஃபிளெட்சரும் சேர்ந்தார்கள். 1833-இல் பெயர் ‘ஹார்ப்பர் அண்ட் பிரதர்ஸ்’ ஆனது. மூத்தவர் ஜேம்ஸ் 1844-இல் நகர மேயராகவும் ஆனார்.

ஆரம்ப வளர்ச்சிக்குப் பெரிய காரணம், பிரிட்டிஷ் நாவல்களின் மலிவுப் பதிப்புகள். 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. திருட்டுத்தான், ஆனால் சட்டப்படியான திருட்டு! முன்கூட்டியே அச்சுப் பிரதி கிடைப்பதற்காகச் சிலருக்குப் பணம் கொடுத்ததும் உண்டு.

1853 டிசம்பரில் வந்தது சோதனை. குழாய் வேலைக்கு வந்த ஒருவர், பாத்திரத்தில் இருப்பது தண்ணீர் என்று நினைத்து எரிந்த குச்சியைப் போட்டார். அது அச்சு உருளைகளைச் சுத்தம் செய்யும் கேம்ஃபீன் எண்ணெய். கட்டடங்கள் சாம்பலாயின. நல்லவேளை, அச்சுத் தகடுகள் நிலத்தடி அறைகளில் இருந்ததால் தப்பின. அடுத்து இரும்புச் சட்டங்களில், தீக்குத் தாக்குப்பிடிக்கும் கட்டடம் எழுப்பினார்கள்.

1962-இல் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்து ‘ஹார்ப்பர் அண்ட் ரோ’. 1987-இல் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக் வாங்கினார். பிரிட்டனின் காலின்ஸ் பதிப்பகத்துடன் சேர்ந்தபின் வந்ததுதான் இன்றைய பெயர்.