கேளுங்கள், சொல்கிறோம்: கடலுக்குள் மோதிரம் தேட எந்தக் கருவி?

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து மச்சான் வருகிறார். வரும்போது ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வரச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கசூரினாக் கடற்கரையில் குளிக்க வருகிறவர்கள் மோதிரத்தையோ சங்கிலியையோ தொலைத்துவிட்டு நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன், தேடிக் கொடுக்க ஆசை. தண்ணீர் புகாத கருவி என்றால் போதும், மலிவானதே காணும் என்கிறார் மச்சான். எதை வாங்கச் சொல்வது?
– வாசகர், காரைநகர்

பதில்: மச்சான் சொல்வதில் பாதிதான் சரி. தண்ணீர் புகாவிட்டால் கருவி பழுதாகாது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீருக்குள் அது ஒழுங்காக வேலை செய்யுமா என்பது வேறு விஷயம், நீங்கள் காசு கொடுக்க வேண்டியதும் அதற்குத்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். கருவியின் அடியில் இருக்கும் வட்டமான கொயில் மாறிக்கொண்டே இருக்கிற ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, அங்கே மின்சாரம் கடத்தும் பொருள் ஏதாவது இருந்தால் அதிலிருந்து ஒரு பதில் வரும், அந்தப் பதிலைத்தான் கருவி சத்தமாக மாற்றித் தருகிறது. கடல் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். ஆகவே ஈர மணலும் அலையும் கருவிக்கு ஒரு பெரிய மெல்லிய உலோகத் தகடு போலத் தெரியும். இன்னும் மோசம், கருவியின் அளவுகோலில் உப்பின் பதில் விழுகிற இடமும் மெல்லிய மோதிரம், தோடு போன்ற சின்னத் தங்கத்தின் பதில் விழுகிற இடமும் கிட்டக் கிட்ட. உப்பை அடக்கப் போனால் தங்கமும் சேர்ந்து அடங்கிவிடும்.

விலை குறைந்த தண்ணீர் புகாத கருவிகள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையில் (காந்தப் புலம் விநாடிக்கு எத்தனை தரம் மாறுகிறது என்ற கணக்கு) வேலை செய்பவை. நொக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹேர்ட்ஸ், கரெட் ஏ.ரி. புரோ 15 கிலோஹேர்ட்ஸ், இரண்டும் தண்ணீருக்குள் 3 மீற்றர் ஆழம் வரை தாங்கும். நல்ல கருவிகள்தான், காய்ந்த மணலிலும் நன்னீரிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அலை வந்து கொயிலுக்கு மேலே ஏறி, பிறகு வடிந்து போகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீரின் அளவு ஒவ்வொரு விநாடியும் மாறுவதால் உப்பின் பதிலும் மாறிக்கொண்டே இருக்கும், கருவி விட்டுவிட்டுக் கத்தும், எது மோதிரம் எது அலை என்று காதுக்குப் பிடிபடாது. உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும், அதோடு மணலுக்குள் எட்டும் ஆழமும் போய்விடும்.

பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கருவிகள் இதற்கென்றே வந்தவை. ஒரு அலைவரிசையில் உப்பு எப்படித் தெரிகிறது, இன்னொன்றில் எப்படித் தெரிகிறது என்று ஒப்பிட்டு அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை உங்களுக்குத் தரும். மைன்லாப் ஈக்குவினொக்ஸ், நொக்டா லெஜெண்ட், எக்ஸ்பி டியூஸ் 2 எல்லாம் இந்த இனம். ஈக்குவினொக்ஸில் பழைய 600, 800 இரண்டும் 3 மீற்றர், பிறகு வந்த 700, 900 இரண்டும் 5 மீற்றர். டியூஸ் 2 என்றால் 20 மீற்றர் வரை போகும், விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். இடுப்பளவு தண்ணீரில் நின்று தேடப் போகிற உங்களுக்கு 20 மீற்றர் எதற்கு? 3 மீற்றர் தாராளம். அந்தக் காசைப் பல அலைவரிசைக்குக் கொடுங்கள். கை காணாவிட்டால் புது சிம்ப்ளெக்ஸ் வாங்குவதைவிட, பாவித்த ஈக்குவினொக்ஸ் 800 ஒன்றைப் பற்றறி நிலைமை பார்த்து வாங்குவதையே நான் சொல்வேன்.

பல்ஸ் இண்டக்சன், அதாவது காந்தப் புலத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புவது, என்று இன்னொரு வகையும் இருக்கிறது, கரெட் சீ ஹண்டர் அதில் ஒன்று. உப்பையும் கரிய மணலையும் அது பெரிதாகக் கணக்கெடுக்காது. ஆனால் இரும்பு எது, மற்றது எது என்று பிரித்துச் சொல்லாது, ஆணி கிடந்தாலும் தோண்ட வேண்டியதுதான். புல்மோட்டைப் பக்கம் போல இல்மனைற் என்ற இரும்புக் கனிமம் நிறைந்த கரிய மணலில் தேடுகிறவர் அதை யோசிக்கலாம். எங்கள் பக்கம் பெரும்பாலும் சிப்பியும் சுண்ணாம்பும் அரைபட்ட வெள்ளை மணல், ஆகவே உங்களுக்கு எதிரி உப்பு மட்டும்தான்.

மச்சான் கடையில் நிற்கும்போது கேட்க வேண்டியது ஹெட்போன். புளூடூத், வயர்லெஸ் எதுவும் கடல் தண்ணீருக்குள்ளால் போகாது. இடுப்பளவில் நின்று கொயிலை மட்டும் தாழ்த்தினால் பிரச்சினை இல்லை, திரையும் பற்றறியும் இருக்கிற கருவியின் பெட்டி தண்ணீருக்குள் போன உடனே சத்தம் அறுந்துவிடும். தலையையும் அமிழ்த்தித் தேடுவதென்றால் வயர் உள்ள, தண்ணீர் புகாத ஹெட்போன் தனியாக வாங்க வேண்டும். கருவி தண்ணீர் புகாதது என்பதற்காகப் பெட்டிக்குள் கூட வரும் ஹெட்போனும் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம்.

அள்ளும் கரண்டியை அங்கிருந்து சுமந்து வரச் சொல்லாதீர்கள். கறள் பிடிக்காத எஃகுத் தகட்டில் வாளி மாதிரி வளைத்து, 10 மில்லிமீற்றர் அளவில் துளை போட்டு, நெஞ்சளவு நீளத்தில் பிடி வைத்து இங்கேயே ஒரு வெல்டிங் கடையில் செய்விக்கலாம். இது இல்லாமல் முழங்கால் தண்ணீரில் எதையும் எடுக்க முடியாது, கையால் கிண்டினால் குழி அடுத்த அலையோடு மூடிவிடும், மோதிரம் இன்னும் கீழே போகும். கால்களை மணலோடு இழுத்து இழுத்து நடவுங்கள், திருக்கை கிடந்தால் விலகிப் போகும். காலில் சப்பாத்து கட்டாயம்.

வாங்கச் சொல்வதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது, அதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். இப்படி ஒரு கருவியைக் கொண்டுவர அனுமதி வேண்டுமா என்று சுங்கத்தில் முதலே விசாரியுங்கள், விமான நிலையத்தில் மச்சான் விளங்கப்படுத்திக்கொண்டு நிற்கக்கூடாது. காரைநகரில் கடற்படை முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பொலிசிலும் பிரதேச சபையிலும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு கடற்கரையில் இறங்குங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது. கொயில் மட்டும் தண்ணீருக்குள் போகலாம் என்று எழுதியிருக்கிறது. பெட்டியைப் பொலித்தீன் பையால் சுற்றிக் கட்டினால் கடலில் பாவிக்கலாமா?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: தூறல் மழைக்குச் சரி, கடலுக்கு வேண்டாம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வயர் போகிற இடத்தில் வாய் இருக்கும், ஒரு அலை போதும். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் காய வைத்தாலும் பலன் இல்லை, உப்பு அங்கேயே தங்கிச் செப்பைத் தின்னும். அலை தொடாத காய்ந்த மணலில் பாவியுங்கள். ஆட்கள் துவாய் விரித்து இருக்கிற, உடுப்பு மாற்றுகிற இடங்களில்தான் காசும் நகையும் கூடுதலாக விழும், அதற்குத் தண்ணீர் புகாத கருவி தேவையே இல்லை.

கேள்வி: சாட்டிக் கடலில் குளிக்கும்போது என் தங்கைச்சியின் தாலிக்கொடி கழன்று விழுந்துவிட்டது. இரண்டு பேர் கருவியோடு தேடினார்கள், கிடைக்கவில்லை. இனிக் கிடைக்காது என்று விட்டுவிடலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: விட வேண்டாம் அக்கா. தங்கைச்சியின் மனம் எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, இடம். தண்ணீருக்குள் நின்ற இடத்தை எல்லாரும் பிழையாகத்தான் சொல்வார்கள், அதுவும் பதற்றத்தில். தங்கைச்சியைக் கரையில் நிறுத்தி, அன்று தண்ணீரில் நிற்கும்போது எந்த மரம் எந்தக் கட்டடத்துக்கு நேரே தெரிந்தது என்று கேளுங்கள், பக்கத்தில் குளித்தவர்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு திசையில் இரண்டு கோடு கிடைத்தால் அவை வெட்டும் இடம்தான் தேட வேண்டிய இடம். மீன்பிடிக்கிறவர்கள் கடலில் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது இப்படித்தான், ஊரில் ஒரு மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போனால் நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, பொருள். சங்கிலி வகைகளைக் கருவி பிடிப்பது கஷ்டம், இது பலருக்குத் தெரியாது. மோதிரம் ஒரு முழு வளையம், அதில் மின்சாரம் சுற்றி ஓடும், பதில் பலமாக வரும். சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியாக இல்லாததால் கருவிக்கு அது ஒரு பெரிய தங்கமாகத் தெரியாது, பல துண்டுச் சின்னத் தங்கமாகத்தான் தெரியும். ஆகவே தேடுகிறவர் சங்கிலியின் நிறையை நினைத்துப் பெரிய சத்தத்துக்குக் காத்திருக்கக்கூடாது. தாலி, குண்டுமணி, கொளுக்கி இவைதான் பதில் தரும், அதுவும் சின்னதாக. முதலில் தேடியவர்கள் அந்த மெல்லிய சத்தங்களை ஏதோ தகரத் துண்டு என்று விட்டுப் போயிருக்கலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் இருக்கிற மெல்லிய தங்கச் சங்கிலி ஒன்றைத் தங்கூசியில் இறுக்கிக் கட்டி, மறு நுனியை ஒரு தடியில் முடிந்து, அதே கடற்கரையின் ஈர மணலில் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். தேட வருகிறவர் தன் கருவியால் அதைக் கேட்கட்டும். கேட்கவில்லை என்றால் அந்தக் கருவியோடு கடலில் இறங்குவது வீண். கேட்டால், அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கட்டும். நகைக்கடை வெல்வெட் பெட்டிக்கு மேல் பிடித்துப் பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை.

மூன்றாவது, எதையும் விலக்காமல் அள்ள வேண்டும். சின்னத் தங்கமும், பால்மா பைக்கற்றின் அலுமினியத் தாளும், சோடா ரின்னின் வளையமும், வலையில் இருந்து கழன்ற ஈயக்கட்டியும் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்களில்தான் விழும். எங்கள் கடற்கரையில் ஈயம் ஏராளம், சலிப்புத்தான், என்றாலும் அள்ளத்தான் வேண்டும்.

தங்கம் பாரமானது, அலையோடு தூரம் ஓடாது, தளர்ந்த மணலுக்குள்ளால் இறங்கிக் கீழே இறுகிய படையில் போய்த் தங்கும். சாட்டியில் அலையும் பலமில்லை, ஆழமும் இல்லை, அதனால் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் வாடைக்காற்று தொடங்கிக் கடல் புரண்டுவிட்டால் மணல் இடம் மாறும், அதற்கு முன் தேடுங்கள்.

கேள்வி: அல்லைப்பிட்டியில் பழைய சீனப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தனவாம். தண்ணீர் புகாத கருவி வாங்கினால் அந்தக் கரையில் பழைய நாணயம் தேடலாமா?
– வாசகர், மண்டைதீவு

பதில்: கூடாது. அங்கே கிடைத்தவை சொங் வம்ச காலத்துச் சீன மட்பாண்டங்கள், தீவுப்பகுதிக் கரைகளுக்குக் கப்பல் வந்துபோனதற்குச் சாட்சி. 1940 இன் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம், கிடைக்கிற தொல்பொருள் அரசுக்குரியது. புதையல் தோண்டப் போய்க் கருவியோடு பிடிபட்டவர்களின் செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

சட்டத்தை விடுங்கள். யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது நாணயம் ஒன்று எந்த ஆழத்தில், எந்த ஓட்டுத் துண்டோடு கிடந்தது என்பதில்தான் எங்கள் வரலாறு இருக்கிறது, பிடுங்கி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டால் அது வெறும் செப்புக் காசு. தற்செயலாகக் கண்டால் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கேள்வி: மணற்காட்டுப் பக்கம் கருவி பலமாகக் கத்தியது, கொஞ்சம் கிண்டினேன், கறள் பிடித்த உருண்டையான இரும்பு தெரிந்தது. முழுதாகத் தோண்டி எடுக்கலாமா?
– வாசகர், வடமராட்சி கிழக்கு

பதில்: தொட வேண்டாம். கைவிட்ட நங்கூரமா, வெடிக்காத செல்லா என்று எந்த விலையுள்ள கருவியாலும் சொல்ல முடியாது. போர் நடந்த மண் இது, முகமாலையில் எத்தனை வருடமாக ஒவ்வொரு அடியாகக் கண்ணிவெடி அகற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உப்பில் கிடந்து கறள் பிடித்தது செத்துப் போனது என்று நினைக்கக்கூடாது, பழசானால் இன்னும் நிதானம் கெட்டிருக்கும். அந்த இடத்தில் கருவியை மேலும் அசைக்காமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி நடந்து வந்து, தூரத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்து, பிள்ளைகள் கிட்டப் போகாமல் ஒருவரை நிறுத்திவிட்டு 119க்கு அழையுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது இன்னும் அறிவிக்கவில்லை என்றால், வாசிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே அழையுங்கள்.