வெட்டுப்புள்ளி எதைச் சொல்கிறது?

வணக்கம் ஐயா. என் மகன் உட்லண்ட்ஸில் ஓர் அக்கம்பக்கப் பள்ளியில் தொடக்கநிலை 5 படிக்கிறான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரே பேச்சு: அக்கம்பக்கப் பள்ளிகளில் சரியாகச் சொல்லித்தருவதில்லை, துணைப்பாட வகுப்புக்கு அனுப்பாவிட்டால் பிள்ளை தேறாது, உயர்நிலைக்காவது ‘நல்ல பள்ளி’யாகப் பார்க்க வேண்டும். மகன் தமிழில் 80க்கு மேல் வாங்குகிறான். கணக்கில் 50ஐத் தாண்டுவதில்லை. அடுத்த ஆண்டு அடிப்படைக் கணிதம், அதாவது எளிதாக்கிய கணிதப் பாடம், எடுக்க வைக்கலாமா என்று ஆசிரியர் கேட்கிறார். எடுத்தால் அவன் எதிர்காலமே போய்விடும் என்கிறார் என் நாத்தனார். நம் பள்ளிகளின் தரம் உண்மையிலேயே இறங்கிவிட்டதா?
— உட்லண்ட்ஸ் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இறங்கிவிட்டது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2022ஆம் ஆண்டின் பீசா என்ற அனைத்துலகக் கல்வி ஆய்வில் சிங்கப்பூரின் 15 வயது மாணவர்கள் கணிதத்தில் 575, அறிவியலில் 561, வாசிப்பில் 543 புள்ளிகள் பெற்று மூன்றிலும் உலகில் முதலிடம் பிடித்தார்கள். பேர்பெற்ற நாலைந்து பள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் சராசரி அந்த உயரத்துக்குப் போகாது. ஆனால் இதே நாட்டில்தான் துணைப்பாட வகுப்புகளுக்குக் குடும்பங்கள் செலவிடும் தொகை 2018இல் ஆண்டுக்கு 1.4 பில்லியன் வெள்ளியாக இருந்து, 2023இல் 1.8 பில்லியனைத் தொட்டது. பள்ளிகள் நன்றாக இருக்கும்போதே பெற்றோரின் பயம் வளர்ந்திருக்கிறது.

அந்தப் பயத்துக்குத் தீனி போடுவது வெட்டுப்புள்ளி. உயர்நிலைப் பள்ளிகளைத் தரவாரியாக அடுக்கும் வழக்கத்தைக் கல்வி அமைச்சு 2012இல் கைவிட்டது. அடுக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. வெட்டுப்புள்ளியை வைத்து நாமே அடுக்கத் தொடங்கினோம். அந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றுதான்: சென்ற ஆண்டு அந்தப் பள்ளியில் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளை பிஎஸ்எல்இ என்ற தொடக்கநிலை இறுதித் தேர்வில் பெற்ற மொத்தம். இந்த மொத்தம் சிறியதாக இருந்தால்தான் நல்லது. எம்ஆர்டி நிலையம் பக்கத்தில் இருந்தாலும், பழைய பெயர் இருந்தாலும், விரும்பிக் கேட்போர் கூடுவார்கள், வெட்டுப்புள்ளி இன்னும் சிறிய எண்ணாகும். பிள்ளை எந்த நிலையில் உள்ளே வந்தது என்பதை அது காட்டும். நான்கு ஆண்டுகளில் அந்தப் பள்ளி பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது அதில் இல்லை.

இந்த எண்ணைத் தவறாகப் படிப்பதால் உண்மையான நட்டம் வருகிறது. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து ஏஎல்1 (மிகச் சிறந்தது) முதல் ஏஎல்8 வரை ஒரு படி தரப்படுகிறது. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை. ஏறத்தாழ 40,000 பிள்ளைகளுக்கு மொத்தம் 29 எண்கள்தான், ஆகவே ஒரே மொத்தத்தோடு நிற்போர் ஏராளம். கடைசி இடத்துக்கு இருவர் சமமாக நின்றால் முதலில் குடியுரிமை, அடுத்து பள்ளியை எத்தனையாவது விருப்பமாக எழுதினீர்கள் என்பது, அதன்பின் கணினிக் குலுக்கல். ஆறு பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதலாம். முதல் ஐந்து இடங்களை எட்டாத பள்ளிகளால் நிரப்பிவிட்டு, வீட்டுப் பக்கத்துப் பள்ளியை ஆறாவதாக எழுதும் பெற்றோர், அந்தப் பள்ளியையே முதலில் எழுதியவரிடம் இடத்தை இழக்கிறார்கள். ஆறில் இரண்டு மூன்று பள்ளிகளாவது உங்கள் மகனின் மொத்தத்தைவிடத் தளர்வான, அதாவது பெரிய எண்ணாக உள்ள, வெட்டுப்புள்ளி கொண்டவையாக இருக்கட்டும்.

இனி கணிதம். ஏஎல் படிகள் ஒரே அகலம் இல்லை. ஏஎல்4 என்பது 75 முதல் 79, ஐந்து மதிப்பெண் அகலம். ஏஎல்6 என்பது 45 முதல் 64, இருபது மதிப்பெண் அகலம். 50இலிருந்து 62க்கு வர உங்கள் மகன் ஓராண்டு பாடுபட்டாலும் எழுத்தில் அதே ஏஎல்6தான். “இவ்வளவு செலவழித்தும் ஒன்றும் மாறவில்லை” என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது இங்கேதான் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்; அந்தப் பன்னிரண்டு மதிப்பெண் உயர்நிலை 1 கணக்கில் அவனுக்குக் கைகொடுக்கும்.

அடிப்படைக் கணிதத்தில் 75 அல்லது அதற்கு மேல் வாங்கினால் அது ஏஎல்6ஆகக் கணக்கிடப்படும். 30 முதல் 74 வரை ஏஎல்7. வழக்கமான கணிதத்தில் 20 முதல் 44 வரை ஏஎல்7. எனவே தேர்வு அறையில் அவன் 45ஐ நம்பகமாகத் தாண்டுவானா என்பதே கேள்வி. தாண்டுவான் என்றால் மாற வேண்டாம். அடிப்படைப் பாடத்திட்டத்தில் இயற்கணிதம் கிடையாது, பிறகு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிவரும். 35க்கும் 45க்கும் இடையே தடுமாறி, பின்னமும் விழுக்காடும் இன்னும் பிடிபடவில்லை என்றால் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். தொடக்கநிலை 5இன் இறுதியில் பள்ளிதான் இதை முடிவுசெய்யும். அதற்கு முன் அவனுடைய கடைசி மூன்று சோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள்.

எதிர்காலம் போய்விடும் என்ற பேச்சுக்குப் பதில்: கணிதம் 6, ஆங்கிலம் 5, அறிவியல் 5, தமிழ் 3 என்றால் மொத்தம் 19. உயர்நிலைப் பள்ளியில் சேரும் மூன்று பிரிவுகளில் மேலானது போஸ்டிங் குரூப் 3; மொத்தம் 20 வரை அதில் இடம் உண்டு. அப்படி அமையாமல் 23 வந்து குரூப் 2இல் சேர்ந்தாலும் தமிழில் ஏஎல்5 அல்லது அதைவிட நல்ல நிலை இருந்தால் உயர்நிலை 1இலேயே தமிழை ஜி3 நிலையில் படிக்கலாம் (பாடங்களின் ஜி1, ஜி2, ஜி3 நிலைகளில் ஜி3 தான் மேலானது). விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைப் பிரித்த முறை, 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து கிடையாது. நாத்தனாரின் அச்சம் அவர் படித்த காலத்துக்குரியது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கோப்பைகளையும் விட்டுவிடுங்கள். திருத்திய கட்டுரைத் தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு மையில் மதிப்பெண் மட்டும் இருக்கிறதா, ‘இந்தப் பத்தியைத் திரும்ப எழுது’ என்ற குறிப்பும் பிள்ளை திரும்ப எழுதியதும் இருக்கிறதா? ஜி2இல் இருப்பவர் ஜி3க்கு மாற எப்போது, எந்த அடிப்படையில் விடுகிறீர்கள் என்று கேளுங்கள். தமிழ் பள்ளியிலேயே நடக்கிறதா என்பதையும் மறக்காதீர்கள். சில பள்ளிகளில் தமிழ் இல்லை; பிள்ளை பள்ளி முடிந்தபின் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கோ வேறு பள்ளியில் உள்ள மையத்துக்கோ போக வேண்டும். அந்த நாளில் இணைப்பாட நடவடிக்கையும் வந்தால், பலர் விட்டுக்கொடுப்பது தமிழைத்தான். அவன் நன்றாகச் செய்யும் பாடமே அதுவாக இருக்க, இதை முதலிலேயே கேட்பது நல்லது.

உங்கள் குழுவினரின் குறையில் ஒன்று மட்டும் எனக்கும் உண்டு: வகுப்பின் அளவு. தொடக்கநிலை 1, 2இல் 30 பேர். அதற்கு மேல் 40 பேர் வரை. 40 கட்டுரைக்கு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒரே வகுப்புக்கு. பள்ளிகளைப் பற்றிக் குரல் எழுப்புவதானால் அந்த எண்ணிக்கைக்காக எழுப்புங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கணிதத்துக்கு இப்போதைக்கு உதவி வேண்டுமென்றால் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளை விசாரியுங்கள். தனியார் நிலையங்களைவிடக் கட்டணம் மிகக் குறைவு. பள்ளி தரும் கூடுதல் வகுப்பு நாள்களைக் கேட்டுவிட்டுப் பதியுங்கள், இரண்டும் ஒரே நாளில் வந்துவிடக்கூடாது.

அன்புடன்.