இலவச டிக்கெட் விடலாமா?

அன்புள்ள ஐயா,

கோபி பக்கம் எங்கள் கிளப் டீம் சொந்த மண்ணில் கபடிப் போட்டி நடத்துகிறது. போன முறை கேலரிக்கு 100 ரூபாய் வைத்தோம். லீக் ஆட்டங்களுக்குப் பாதி காலி, ஃபைனலுக்குத்தான் நிறைந்தது. இந்த வருடம் எல்லாருக்கும் இலவசம் என்கிறார்கள் கமிட்டியில் சிலர். ஒருமுறை சும்மா விட்டால் அப்புறம் காசு கொடுத்து யாருங்க வருவாங்க?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. இந்த வருடம் சும்மா பார்த்தவருக்கு அடுத்த வருடம் 100 ரூபாய் என்றால் கொள்ளையாகத்தான் தெரியும். அதைவிட, காசு கொடுத்து வந்துகொண்டிருந்தவர்களும் சும்மா உள்ளே வருவார்கள். 400 பேர் என்றால் 40,000 ரூபாய் போயிற்று. புதுக் கூட்டம் டீயும் பஜ்ஜியும் வாங்கும், உண்மை. ஆனால் கடை வாடகை கிளப்புக்கு வந்தால்தான் அதில் உங்களுக்கு லாபம்.

ஜெர்மனியில் ஃபோர்டுனா டுசெல்டார்ஃப் என்ற கால்பந்துக் கிளப் 2023இல் இதைத் துணிந்து செய்தது. அக்டோபரில் நடந்த முதல் இலவச ஆட்டத்துக்கு, ஐம்பதாயிரம் பேர் அமரும் மைதானத்துக்கு, லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. கவனிக்க வேண்டியது வேறு. பெரிய கம்பெனிகளிடம் பல வருட ஸ்பான்சர் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் டிக்கெட்டை இலவசமாக விட்டார்கள். அந்தப் பருவத்தில் இலவசமும் மூன்று ஆட்டங்களுக்கு மட்டும். கேட்டைத் திறந்தும் விடவில்லை, பெயர் வாங்கிக் குலுக்கல் போட்டார்கள். யார் வந்தார்கள் என்ற கணக்கு கையில் இருக்கிறது. ஸ்பான்சரிடம் காட்டுவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நம் பக்கம் ஸ்பான்சர் பிடிப்பது புதிதும் அல்ல. கோவையில் பெண்கள் கூடைப்பந்துக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் பெயரில் கோப்பையே உண்டு. பம்ப்செட், பனியன், நூல் என்று தொழில் நடக்கும் ஊர்களில் ஆளைப் பிடிப்பது கஷ்டமில்லை. நிறைந்த கேலரியின் போட்டோவைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். காலி கேலரியில் யார் பேனர் கட்டுவார்?

சும்மா கொடுத்த டிக்கெட்டில் இன்னொரு தொல்லை, வாங்கியவர்களில் பலர் வரமாட்டார்கள். காசு போட்டவர் மழைத் தூறலிலும் வருவார்.

அதனால் லீக் ஆட்டங்களில் ஒரு நாளை மட்டும், ஸ்பான்சர் பணம் கைக்கு வந்த பிறகு, இலவசமாக விடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதுவரை வராத ஊர்க்காரர்களுக்கும் பெயர், போன் நம்பர் எழுதிக்கொண்டு கொடுங்கள். இருக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். ஃபைனலுக்கு 100 ரூபாயைத் தொடாதீர்கள். போன வருடம் அதற்கு எத்தனை ஓசி பாஸ் போனது என்று மட்டும் கமிட்டியில் கேட்டுப் பாருங்கள். இலவசம் வேண்டாம் என்பவர்களும் அந்தப் பாஸ் வாங்கியவர்களில் இருப்பார்கள்.