வீட்டுத் தொழில்: கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்துத் தெருவுக்குள் விற்கிறேன். முருங்கைக்கீரைப் பொடியும் போட்டுப் பார்க்க ஆசை. "ஓடுகிற சரக்கு இருக்க, இது எதற்கு?" என்கிறார் மாமியார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வீட்டுப் பருப்பு வீணாகுமே என்ற கவலையாக இருக்கும். புதுப் பொடி போட்டுப் பார்க்கத் தனி டப்பா, தனிப் பணம் வையுங்கள். லாபத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் போதும். வீட்டு டப்பாவில் கை வைத்தால் அடக்கவிலை தெரியாமலே போகும்.

முதல் தடவை 200 கிராம் போதும்: உளுந்து 100 கிராம், கடலைப்பருப்பு 50, காய்ந்த கீரை 25, வரமிளகாய் 15, உப்பு 10, கொஞ்சம் பெருங்காயம். கீரையை அலசி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பச்சை நிறம் போய்விடும். கசக்கினால் நொறுங்க வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது, பொடி கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும். வறுத்தது நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். அரைத்ததையும் தட்டில் ஆறவிட்டுப் பாக்கெட் போடுங்கள்.

வறுக்கும் பதத்தை மாமியாரிடமே கேளுங்கள். அவர் 'ஒரு கை' என்பதைத் தராசில் வைத்து எழுதிக்கொண்டால் அடுத்த முறையும் அதே ருசி வரும். அவருக்கும் இதில் பங்கு வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பிள்ளைகளையும் வாசலையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பாதி வறுவலில் எழுந்து போனால் பருப்பு கருகும்.

ருசி பார்க்க மட்டும் வீட்டாரை நம்பாதீர்கள், பாசத்தில் எல்லாமே நன்றாக இருக்கும்! வாடிக்கைக்காரர் மூன்று பேருக்கு 50 கிராம் பாக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுங்கள். இனாமாகக் கொடுத்தால் உண்மை வராது. மறுபடி கேட்டு வருபவர்களை எண்ணுங்கள்.

கேள்வி: வீட்டில் துணி தைத்து விற்கிறேன். சரக்கு வாங்குவது, கொண்டுபோய்க் கொடுப்பது, கணக்கு எல்லாம் கணவர்தான். இப்போது எதைச் செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார்.
– வாசகி, மதுரை

பதில்: உதவி வேறு, முடிவு வேறு. கடன் கொடுத்தவருக்குத் தர வேண்டிய பாக்கியைத்தான் உங்கள் கணவர் பார்ப்பார். புது டிசைனுக்கான துணியும் நூலும் அவருக்கு வெறும் செலவு. உங்கள் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கி, பணம் வாங்கும் கியூஆர் அட்டையை அதோடு இணையுங்கள். வண்டியும் அலைச்சலும் அவரிடமே இருக்கட்டும். எந்த டிசைன், என்ன விலை என்பதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். வரவு செலவு நோட்டும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.