ஐடி ஆபரேஷன்ஸில் ஆட்டோமேஷனை எதிலிருந்து தொடங்குவது? எல்-ஒன் (முதல் நிலை சப்போர்ட்) ஆட்களின் வேலை போய்விடுமா?

டூல் வாங்கும் பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். கடந்த சில மாத டிக்கெட்டுகளை (பதிவான புகார்கள், கோரிக்கைகளை) எடுத்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாஸ்வேர்ட் ரீசெட், டிஸ்க் நிரம்பியது, நின்றுபோன சர்வீஸை மறுபடி ஸ்டார்ட் செய்வது, புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆக்சஸ் கொடுப்பது என்று பெரும்பாலும் இதே நாலைந்து வகைதான் முன்னால் நிற்கும். இவற்றிலும் எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்ட் தேவையில்லை. டிஸ்க் நிரம்பினால் லாக் ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவது சுலபம், ஆனால் பழைய லாக்குகளைத் தானாகச் சுருக்கி அழிக்கும் லாக்ரொட்டேட்டை ஒழுங்காக அமைத்தால் அந்த டிக்கெட்டே வராது. வராமல் தடுக்க முடிந்ததைத் தடுத்துவிட்டு, மிச்சத்தை ஆட்டோமேட் செய்யுங்கள்.

சரி, கையால் செய்வதே பாதுகாப்பு என்று உங்கள் டீமில் யாராவது சொன்னால் நைட் கேபிடல் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 8 சர்வர்களில் புதிய புரோகிராம் கோடைக் கையால் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது, அதை இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோட் விழித்துக்கொண்டு ஆர்டர்களாக அனுப்பித் தள்ள, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. இதில் என்னை மிகவும் உறுத்துவது நடுவில் அவர்கள் செய்த ரோல்பேக், அதாவது மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்து புதிய கோடை எடுத்துவிட்டார்கள், அவையும் பழைய கோடையே ஓட்ட ஆரம்பித்தன. எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று உடனே காட்ட ஒரு சின்ன ஆட்டோமேஷன் இருந்திருந்தால் அந்த ரோல்பேக்கையாவது தவிர்த்திருக்கலாம்.

ஆனால் டூல் இருந்தால் மட்டும் போதாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3-யில் பில்லிங் பகுதி மெதுவாக ஓடுவதைச் சரிசெய்ய, ரன்புக்கில் (செய்முறைக் குறிப்பேட்டில்) இருந்த கமாண்டைத்தான் இன்ஜினியர் கொடுத்தார். அதில் ஒரு உள்ளீடு தப்பாக விழ, சில சர்வர்களுக்குப் பதில் நிறைய சர்வர்கள் கழன்றன. சேவை முழுதாகத் திரும்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன்பின் அவர்கள் டூலைத்தான் மாற்றினார்கள்: இனி மெதுவாகத்தான் கழற்றும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகச் சொன்னால் மறுத்துவிடும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கில் நடந்த விஷயமும் இதே வகைதான், ஒரு கோளாறான அப்டேட் கட்டம் கட்டமாகப் போகாமல் எல்லோருக்கும் ஒரே மூச்சில் போனதால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன, அவற்றில் ஏராளமானவற்றை ஆள் போய்க் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அதனால் நீங்கள் எழுதும் முதல் ஸ்கிரிப்டிலேயே பிரேக் இருக்கட்டும். என்ன செய்யப்போகிறது என்று முதலில் காட்டட்டும், ஒரே சமயத்தில் இத்தனை சர்வருக்கு மேல் தொடாதே என்று வரம்பு வையுங்கள், பாதியில் தோற்றால் தானாக நிற்கட்டும். ஆன்சிபிள் என்ற ஆட்டோமேஷன் டூலில் முன்கூட்டியே காட்டும் செக் மோடும், ஒரே சமயத்தில் எத்தனை சர்வர் என்று வரம்பிடும் சீரியலும் இதற்குத்தான் இருக்கின்றன, பலரும் அவற்றைத் தொடுவதே இல்லை!

எல்-ஒன் ஆட்கள் பற்றி. டிக்கெட் மூடும் வேலை குறையும், அதை மறைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் "இந்த சர்வரை மாதக் கடைசியில் ரீஸ்டார்ட் செய்யக்கூடாது, அன்றைக்கு சம்பள ஜாப் ஓடும்" மாதிரி விஷயங்கள் எந்த ஆவணத்திலும் இருக்காது, இரவு ஷிஃப்ட் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஸ்கிரிப்டை அவர்களையே எழுத வையுங்கள், சீனியர் ஒருவர் ரிவ்யூ செய்யட்டும். அப்புறம் முக்கியமாக, நம் ஊர் சர்வீஸ் கம்பெனிகளில் ஆள்கணக்கில் பில் போடும் ஒப்பந்தம் என்றால் மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கம்பெனிக்கு வருமானக் குறைவு. மேலிருந்து ஆட்டோமேஷன் என்று சொல்வார்கள், டெலிவரி மேனேஜர் நகரவே மாட்டார். கூகுள் தன் எஸ்ஆர்இ டீம்களுக்கு (சேவைகள் தடையின்றி ஓடப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர்களுக்கு) ஆபரேஷன்ஸ் வேலை 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே வைத்தது, மீதி நேரம் இன்ஜினியரிங்குக்கு. உங்கள் இடத்தில் மிச்சமாகும் நேரம் யாருக்கு, எதற்கு என்பதை முதல் ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.