சதுரப் பல் செயினுக்குக் கையால் அரம் போடும்போது

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): மர டிப்போவில் செயின் சா ஓட்டுகிறேன். சதுரப் பல் செயின் வேகமாக அறுக்கும் என்றார்கள், வாங்கினேன். புதிதில் அருமையாக இறங்கியது. நானே இரண்டு முறை அரம் போட்டபின் சுருளுக்குப் பதில் தூள் கொட்டுகிறது, வெட்டு ஒரு பக்கமாக இழுக்கிறது. எங்கே தப்பு?

பதில்: பல்லின் மூலையைப் பாருங்கள். மேல்தகடும் பக்கத்தகடும் சேருகிற அந்த முனைதான் முதலில் மர நாரை அறுக்கிறது; பின்னாலேயே மேல்தகடு வந்து சீவி எடுக்கிறது. உருண்டை அரம் பல்லுக்கு உள்ளே குழிவாகத் தேய்க்கும். சதுரப் பல்லில் இரண்டு தட்டைச் சரிவுகள், உளி மாதிரி. அதனால்தான் வேகம். அந்த இரண்டு சரிவும் உள்ளே சந்திக்கும் கோடு, வெளியே சரியாக முனையில் வந்து முடிய வேண்டும்.

கோடு முனைக்குக் கீழே பக்கத்தகட்டில் முடிந்தால் அரம் தாழ்ந்துவிட்டது. முனை கிளிமூக்குபோல நீளும். கொஞ்ச நேரம் நன்றாக வெட்டிவிட்டு நுனி மடங்கும். மேல்தகட்டில் முடிந்தால் அரம் ஏறிவிட்டது. முனை பின்வாங்கி மொட்டையாக நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் மரத்தில் ஏறாது. உங்களுக்குத் தூள் கொட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான். ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணம், இடப் பல்லும் வலப் பல்லும் நீளத்திலோ கோணத்திலோ வேறுபடுவது. கைவாகு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சுளுவாக வரும்.

முதலில் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செயின் ஓடும் பாரை வைஸில் இறுக்கி, பல் ஆடாதபடி செயினைக் கொஞ்சம் டைட் செய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, பல்லின் உள்பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். இதற்கென்றே வரும் ஆறுபட்டை அரம் அல்லது முப்பட்டை அரம்தான் வேண்டும். மரரம்பத்துக்குத் தீட்டும் சாதா முக்கோண அரத்தின் விளிம்பு கொஞ்சம் மழுங்கலாக இருக்கும், அது மூலையைக் கெடுத்துவிடும்.

மேலிருந்து பார்க்கையில் 25 முதல் 30 டிகிரி, கம்பெனி வெட்டிய கோணத்தையே பின்பற்றுங்கள். பிடியை உயர்த்தி, அரம் ஏறக்குறைய 45 டிகிரி கீழ்நோக்கிச் சரியட்டும். உருண்டை அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளிப் பழகியிருப்பீர்கள். இங்கே வெளியிலிருந்து உள்ளே. ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டு நிறுத்தி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேல்தகட்டுச் சரிவில் மட்டும் மை போயிருந்தால் அரத்தைப் பக்கத்தகட்டின் மேல் சாயுங்கள். இரண்டிலும் ஒரே சீராகப் போனால் அந்தப் பிடியை விடாதீர்கள். வெறும் இரண்டு மூன்று தள்ளு போதும். திரும்பி வருகையில் அரத்தைத் தூக்கிவிடுங்கள். இழுத்தால் அரத்தின் பல்தான் போகும்.

பல்லின் வெளிப்பக்கம் குரோம் பூச்சு உண்டு. கல்லில் பட்டுக் குரோம் பெயர்ந்த இடத்தைத் தாண்டித் தேய்க்காதவரை எந்த முனையும் நிற்காது. பாதி பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். எல்லாப் பல்லையும் வெர்னியரில் அளந்து, மிகக் குட்டையான பல்லுக்குச் சமமாக்குங்கள். கடைசியில் டெப்த் கேஜ், அதாவது பல்லுக்கு முன்னால் நிற்கும் மேடு: 3/8 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு அது பல்லின் மேல்முனையைவிட 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். அதற்குமேல் தேய்த்தால் செயின் முரண்டு பிடித்து உதறும்.

கேள்வி (காசிமேடு வாசகர்): புயலில் சாய்ந்த தெரு மரங்களை வெட்ட இந்தச் செயின் ஒத்துவருமா?

பதில்: வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா சாய்த்தது போன்ற சாலையோரத் தூங்குமூஞ்சி, வேம்பு எல்லாவற்றிலும் விளம்பரத் தட்டி அடித்த ஆணி புதைந்திருக்கும்; பட்டையிலோ மண். கடற்கரை மணலில் இழுத்துவந்த கட்டையும் அப்படித்தான். சதுரப் பல்லின் கூர்முனை மணல் பட்டவுடனே போய்விடும். இவற்றுக்கு முனை உருண்ட செமி சிசல் செயின் போடுங்கள். பட்டை உரித்த சுத்தமான கட்டைக்கு மட்டும் சதுரப் பல்.

கேள்வி (மூலக்கடை வாசகர்): கையிலிருக்கும் செமி சிசல் செயினையே சதுரமாக்கலாமா?

பதில்: முடியாது. அதில் கூர்மூலையே கிடையாது. கூர்மூலை உள்ள, உருண்டை அரம் போடும் ஃபுல் சிசல் செயினை மாற்றலாம்; ஆனால் கையால் நிறைய உலோகம் தேய்க்க வேண்டும், அரமும் தேயும். சதுரமாகவே வெட்டிவரும் ஆரகன் (Oregon) கம்பெனியின் 72சிஎல் போன்ற செயினை வாங்கி, அதன் கோணத்தைப் பார்த்துப் பழகுவது சுலபம்.